மச்சான் விலை பேசிய வலைத்தளம்

கோயம்புத்தூரில் ஓர் அலுவலகம். குளிர்சாதனக் காற்று, கண்ணாடி மேசை. அந்த மேசைமேல் என் மச்சான் தோளிலிருந்த துண்டை எடுத்து விரித்தது இன்றும் கண்முன் நிற்கிறது. என் மனைவியின் அண்ணன் அவர். வேலந்தாவளம் சந்தையில் முப்பது வருடம் மாட்டுத் தரகு பார்த்தவர். எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். துண்டுக்கு அடியில் கையைக் கோத்து, விரலைப் பிடித்து அழுத்தியே பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியக்கூடாது. பழக்கதோஷத்தில் மச்சான் துண்டுக்குள் கையை நீட்ட, எதிரே இருந்த மேலாளர் கைகுலுக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்துக் கொடுத்துவிட்டார். அந்தக் கை உடனே திரும்பி வரவில்லை. பாவம், மனிதர் நெளிந்தார். நான் சிரிப்பை அடக்க மேசைமேல் இருந்த தண்ணீரைக் குடித்து, புரையேறி, ஊழியர்கள் மூன்று பேர் என் முதுகைத் தட்டும்படி ஆயிற்று.

நாங்கள் அங்கே போனதற்குக் காரணம் என் பயம். தேங்காய் நார் உரிக்கும்போது உதிரும் மஞ்சித்தூளைக் கட்டியாக அழுத்தி நர்சரிகளுக்கு அனுப்புவது என் தொழில். பெங்களூரு நர்சரி ஒன்று வருட ஆர்டர் தருவதாகச் சொல்லி, "உங்க வெப்சைட்டை அனுப்புங்க, பாத்துட்டுச் சொல்றோம்" என்றது. நான் கூசாமல், "கொஞ்சம் வேலை நடக்குதுங்க, அடுத்த மாசம் அனுப்பறேன்" என்றேன். நடந்த ஒரே வேலை எனக்கு வேர்த்ததுதான். அதுவரை வலைத்தளம் என்றால், செல்போன் பில்லை ஒழுங்காகக் கட்டுகிறவனுக்குச் சும்மா கிடைக்கும் ஏதோ ஒன்று என்றே நினைத்திருந்தேன். வலைத்தளம் செய்து தரும் அந்த அலுவலகத்தில் கேட்டேன், வந்ததோ ஐந்து வரி மதிப்பீடு: வடிவமைப்பு, படம் எடுப்பது, எழுதுவது, கேட்டு வருகிறவர்களின் விவரம் நமக்கு வந்துசேர வழி, கடைசியில் ஆண்டுப் பராமரிப்பு. மொத்தம் எழுபத்தைந்தாயிரம். அதைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கும் களத்துக்குமாக நடந்தேன். மனைவிதான் சொன்னாள்: "ஏனுங்க, எங்கண்ணனைக் கூட்டீட்டுப் போங்க. நீங்க பேசுனா எம்பதாயிரத்துல கொண்டுபோய் நிறுத்துவீங்க."

மச்சான் உண்மையிலேயே அழகாகப் பேசினார். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, மேலாளரின் ஊர், பிள்ளை குட்டி எல்லாம் விசாரித்து, அரைமணி நேரத்தில் ஐம்பதுக்குக் கொண்டுவந்தார். அதற்கும் தயங்கிய நான், கடைசி வரியின்மேல் விரலை வைத்து, "இந்தப் பராமரிப்பு எட்டாயிரம் வேண்டாம், அடிச்சுருங்க. அதெல்லாம் நானே பாத்துக்குவேன்" என்றேன். எதைப் பார்த்துக்கொள்வேன் என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன். தளத்தின் பெயரை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த வரிக்குள்தான் இருந்தது. அதை மேலாளர் விளக்கினார். என் காது அடைத்திருந்தது. மச்சானுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் என் கையைப் பிடித்தார்.

"மாப்ளே, அது தீனிச் செலவுங்க. வெலைய எவ்வளவு வேணுமின்னாலும் பேசிக் கொறைக்கலாம், மாட்டுக்குக் கால் நாலு அப்பிடியே இருக்கும். இதுக்கு மேல கொறைக்கோணும்னா காலைத்தான் வெட்டோணும்."

"நீங்க சும்மா இருங்க மச்சான்" என்றேன். பேனாவை வாங்கி அந்த வரியை நானே அடித்தேன்.

தளம் நன்றாகவே வந்தது, ஆர்டரும் வந்தது. மறுவருடம் ஆர்டரைப் புதுப்பிக்கிற வாரத்தில் நர்சரியின் புது அதிகாரி தளத்தைத் திறந்திருக்கிறார். அங்கே என் மஞ்சித்தூள் இல்லை. இந்தப் பெயர் காலாவதியாகிவிட்டது என்று ஓர் அறிவிப்பு மட்டும் இருந்தது. முதலில் என் போன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். மனைவியின் போனிலும் அதேதான். பக்கத்து வீட்டுக்காரர் போனையும் வாங்கிப் பார்த்துவிட்டு, ஊரில் எல்லாருடைய போனும் ஒரே நாளில் கெட்டுவிட்டது என்ற முடிவுக்கு வந்தேன். ஆர்டர் வேறு ஊருக்குப் போனது.

அடுத்த சந்தை நாளில் டீக்கடையில் ஆளாளுக்குக் கேட்டார்கள், ஆர்டர் எப்படிப் போச்சு என்று. நான்தான் அந்த வரியை அடித்தேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. நான் நாலு பேரைச் சிரிக்கவைத்தே பிழைத்தவன். மாட்டிக்கொண்டால் வாயில் முதலில் வருவது கதைதான். துண்டு விரித்ததைச் சொன்னேன், மேலாளர் நெளிந்ததைச் சொன்னேன், நடித்தும் காட்டினேன். "கடைசீல எங்க மச்சான் வெலையக் கொறைச்சுக் கொறைச்சு, மூணு கால் மாட்டைப் புடிச்சுக் குடுத்துட்டாருங்க" என்று முடித்தேன். அவர் எச்சரித்துச் சொன்ன வார்த்தையை எடுத்து அவர்மேலேயே எறிந்தேன். கடை அதிர்ந்தது. மச்சான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு எல்லாரோடும் சேர்ந்து லேசாகச் சிரித்தார்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தங்கை புருஷனைச் சபையில் விட்டுக்கொடுக்கக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, சொல்லவில்லை. 'மூணுகால் தரகர்' என்ற பேர் மறுவாரமே ஒட்டிக்கொண்டது. ஆரம்பத்தில் கேலி மட்டும்தான். பிறகு, மாடு வாங்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர் அந்தப் பேரைக் கேட்டுவிட்டு வேறு தரகரிடம் போனார். தரகருக்கு முதலீடு அவர் சொல்லுக்கு இருக்கிற மதிப்புதான். ஆள் ஆளாகக் குறைந்து, இரண்டு வருடத்தில் மச்சான் சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டார். இப்போது இரண்டு பசு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார்.

சென்ற மாதம் புதிதாக ஒரு வலைத்தளத்துக்கு மதிப்பீடு வாங்கினேன். பராமரிப்பு என்ற வரிக்கு எதிரே இருந்த தொகையை முதலில் எடுத்துத் தனியே வைத்துவிட்டு, அதன் பிறகே மற்றதைக் கணக்குப் போட்டேன். கை தானாகச் செய்தது. அதற்குப்பின் சும்மா இருக்க முடியவில்லை. சந்தை நாளன்று நேரே டீக்கடைக்குப் போய், பழைய ஆட்கள் இருக்கும்போதே, "அன்னிக்கு அந்த வரியை அடிச்சது நானுங்க. எங்க மச்சான் வேண்டாம்னுதான் சொன்னாரு" என்றேன். ஒருவர் தொடையில் தட்டிச் சிரித்தார், கடை முழுக்கத் தொற்றிக்கொண்டது. "நெசமாத்தான் சொல்றேனுங்க" என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், "மூஞ்சிய எப்பிடி வெச்சுக்கறாரு பாருங்க! ஆனா பழைய கதைதானுங்க சூப்பரு, அதையச் சொல்லுங்க" என்றார்.

அங்கிருந்து மச்சான் வீட்டுக்குப் போனேன். பசுவுக்கு அடியில் உட்கார்ந்து கறந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நம்புனாங்களா?"

"இல்லீங்க மச்சான். சிரிச்சாங்க."

"நீங்க சொன்னா சிரிக்கத்தானுங்க செய்வாங்க. போச்சாது, விடுங்க, உள்ள போய் உக்காருங்க, டீ போடச் சொல்றேன்" என்றார். கறப்பதை அவர் நிறுத்தவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.