சர்பத் கோப்பைக்கு அடியில்

இயேசு மீனவர்களைக் கூப்பிட்டு, இனி மனிதரைப் பிடிக்கலாம் வாருங்கள் என்றார். மாத்தளையில் கடல் இல்லை. எங்கள் சபையின் புதிய போதகர் அம்மன் கோயில் தேர்த் திருவிழாவைப் பார்த்து வலையை விரித்தார்.

தேர் வரும் வீதியில் சபையின் பெயரில் தண்ணீர்ப் பந்தல் போடலாம் என்றது நான்தான். யட்டவத்தயில் அரசாங்கக் கந்தோரில் எழுத்தர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மாநகர சபை, பொலிஸ், சுகாதாரப் பரிசோதகர் என்று எந்தக் கடிதம் எந்த மேசைக்கு முதலில் போக வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். கோயிலின் சம்மதத்துக்கு அலுவிகாரையில் என் பக்கத்து வீட்டுக்காரரிடம் போனேன். பலசரக்கு வியாபாரி, கோயில் நிர்வாக சபையிலும் இருப்பவர்.

“தாகத்துக்குக் குடுக்கிறத யாருண்ணே வேணாம்பாங்க? ஆனா உங்க மதக் கடதாசி ஒண்ணும் நீட்ட மாட்டீங்கள்ல?”

“மாட்டோம்.”

“நீங்க சொன்னா சரி. நான் பேசிக்கிறேன்.”

பேசினார். அவர் பொறுப்பேற்றதால் கோயிலில் சம்மதித்தார்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் போதகர், ஒவ்வொரு சர்பத் கோப்பைக்கும் அடியில் ஒரு துண்டுப்பிரசுரம் என்றார். வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன்.

“மீன்கிட்டக் கேட்டுட்டா ஐயா வலை போடுறது?”

“நீங்க போடுறது வலையே இல்ல, தூண்டில். சர்பத் இரை, பிரசுரம் முள்ளு. அந்த மீனவங்க இரை வைக்கிறவங்க இல்ல. ராத்திரி முழுக்க ஒண்ணும் கிடைக்காம, கரையில உக்காந்து வலை அலசிக்கிட்டு இருந்தவங்க. அந்தப் பொறுமைக்குத்தான் அவங்கள கூப்பிட்டாரு.”

“ஐயா பென்சன் வாங்கிட்டாரு, பைலைத்தான் இன்னும் மூடல” என்றார் பொருளாளர் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள்.

வாக்கெடுப்பு நடந்தது. பிரசுரமே வென்றது. பெரும்பான்மை முடிவுக்கு எதிர்த்தவரும் கட்டுப்பட வேண்டும் என்ற விதியை எழுதியவன் நான். நன்றாகவே எழுதியிருக்கிறேன். நுழைந்து தப்ப ஓர் ஓட்டை இல்லை.

அன்று மாலையே வேலியோரம் நின்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

“கோயில்ல சொல்லித்தான் ஆகணும்ண்ணே. உங்க பந்தல் வேணாம்.”

அந்த ஞாயிறு போதகர், நற்செய்திக்குக் கதவடைத்துவிட்டார்கள் என்று பிரசங்கித்தார். கதவைத் திறந்துவிட்ட மனிதரைப் பற்றி ஒரு சொல் இல்லை.

தேர் நாளில் பக்கத்து வீட்டுக்காரர் தம் கடை வாசலில் தாமே பந்தல் போட்டார். காலையில் என் கேற்றைத் தட்டினார்.

“வீட்ல உக்காந்து யாருக்கு மனு எழுதப் போறீங்க? வாங்க, வந்து ஊத்துங்க.”

போனேன். நல்ல வெயில். வரிசை குறையவே இல்லை. கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், இரண்டாவது கோப்பையும் குடித்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

“நல்லா இருப்பீங்க. யாருங்கய்யா இது குடுக்கிறது?”

இந்த ஒரு கேள்விக்காகத்தான் அத்தனை கந்தோர் ஏறி இறங்கினேன். கையில் கடதாசி இல்லாமல், அவளாகவே கேட்கிறாள். சபையின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது.

“இந்தக் கடைக்காரர் உபயம்மா” என்றேன். அடுத்தவர் கோப்பையை நீட்டினார்.