ஜொஹராவின் வீட்டுக்காரி

எண்ணெய் விட்டு உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்ட பிறகும் ஜொஹரா உடனே தலையைத் தொடுவதில்லை. நாற்காலியில் இருப்பவரின் முகத்துக்கு நேரே குனிந்து, "தொடட்டுமாக்கா?" என்று கேட்கிறாள். வளைகுடா நாட்டு ஃபர்வானியாவில் அவள் வேலை பார்க்கும் பெண்கள் சலூனுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அவசரக்காரர்கள். "யல்லா, யல்லா" என்று விரட்டுவார்கள். "சரின்னு வாயால சொல்லுங்க, அப்பத்தான் தொடுவேன்" என்பாள். சொல்லும்வரை எண்ணெய் அவள் கையிலேயே ஆறிக்கொண்டிருக்கும்.

மொம்பாசாவில் பிறந்தவள். நெடிய உருவம், கன்னங்கரிய நிறம். தமிழை எங்களோடு தங்கியிருக்கும் தூத்துக்குடி மீனாம்பாளிடம் கற்றதால் பேச்சில் 'ஏட்டி' தாராளமாக விழும். முகம் வெளுக்க எந்தக் கிரீம் நல்லது என்று ஒரு வாடிக்கையாளர் அவளிடமே கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். தன் முன்கையை நீட்டிக் காட்டினாள். "இந்தக் கலர் வேணும்னா கேளுங்க. அது கிரீம்ல மாஃபி, கெடைக்காது, பொறக்கும்போதே வாங்கிரணும்." கேட்டவர் சிரித்துவிட்டார்.

பக்கத்து அப்பாசியாவில் ஜொஹராவும் நாங்களுமாகப் பெண்கள் சிலர் சேர்ந்து தங்கியிருக்கும் வீட்டுக்கு, 2006 ரமலான் முடிந்ததும் ஷம்சியா வந்தாள். கட்டடத்தின் பெயரை எழுதப்போவதில்லை. காரணம் போகப்போகத் தெரியும். சான்சிபார் பெண். முன்பு வேலை பார்த்த வீட்டில் அவள் கூந்தலை ஒட்ட வெட்டிவிட்டார்கள் என்பது கேட்டறிந்தது. முக்காட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, எவரிடமும் பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள் என்பது கண்டறிந்தது.

டியூட்டி முடிந்து வந்ததும் ஜொஹரா அவளருகில் உட்கார்ந்து, தங்கள் சுவாஹிலியில், தொடட்டுமா என்று கேட்பாள். ஷம்சியா முக்காட்டை இன்னும் இறுக்கிக்கொள்வாள். ஜொஹரா கையைத் துடைத்துக்கொண்டு சமைக்கப் போய்விடுவாள். மறுநாளும் கேட்பாள். குளிர்காலம் பாதி கழிந்த ஒரு மாலையில் ஷம்சியா தானே முக்காட்டை நீக்கித் தலையைச் சாய்த்துக் கொடுத்தாள். எத்தனையோ தலைகளைக் கண்ட ஜொஹரா, அன்று உள்ளங்கைகளை வெகுநேரம் தேய்த்துச் சூடாக்கிய பிறகே தொட்டாள். அதன் பிறகு முடி வளர்ந்தது. உறக்கத்தில் அலறுவது நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வையும் மாறியது.

இதற்கிடையே ஜொஹரா ஒரு சொல்லைப் பிழையாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரே வீட்டில் கூட இருப்பவள் வீட்டுக்காரி என்பது அவள் எண்ணம். மளிகைக் கடையிலும் சலூனிலும் "இவ என் வீட்டுக்காரி" என்றே ஷம்சியாவை அறிமுகம் செய்தாள். நாங்கள் வாயைப் பொத்திச் சிரித்தோம். எங்களில் இளையவளான நாகஜோதிதான் ஒருநாள் அடக்கமாட்டாமல் உடைத்தாள்: "அய்யோ அக்கா, வீட்டுக்காரின்னா பொண்டாட்டிக்கா."

ஜொஹரா கொஞ்சம் யோசித்தாள். "அப்பச் சரியாத்தானே சொல்லிருக்கேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. வீட்டை வாடகைக்கு எடுத்திருப்பவர் மீனாம்பாள். செய்தி கட்டடக் காவலாளி ஹாரிஸின் காதுக்குப் போனால் அனைவரும் தெருவில் நிற்க நேரும் என்று அவருக்கு அச்சம். வெள்ளிக்கிழமைக்குள் ஷம்சியா வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் சமையலறையில் கூடியிருந்தபோது மீனாம்பாளே ஒரு வழியும் காட்டினார். "ஏட்டி, தமிழ் தெரியாமச் சொல்லிட்டேன், அவ ரூம்மேட்டுதான்னு ஒரு வார்த்த சொல்லு. விட்டுருதேன். கலாஸ், அத்தோட முடிஞ்சுது."

ஜொஹரா ஷம்சியாவைப் பார்த்தாள். போக்கிடம் இல்லாதவள். அவளுக்காக அந்த வார்த்தையைச் சொல்லிவிட ஜொஹரா வாயைத் திறந்தாள் என்றே கருதுகிறேன். ஷம்சியா முந்திக்கொண்டாள். அதுவரை எங்களிடம் ஒரு சொல்லும் பேசியிராதவள், தலையை நிமிர்த்தி, தமிழில், "நான் வீட்டுக்காரி" என்றாள்.

மீனாம்பாள் அடுப்பை அணைத்தார்.

"பேசுதாளே" என்றார். "வந்த அன்னைக்கு இவ பொழைக்கவே மாட்டாள்னுல்லா நெனச்சேன்."

கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பினார். "வெளிய எவன் கேட்டாலும் அக்கா தங்கச்சி. ஹாரிஸ் கேட்டாலும் அக்கா தங்கச்சி. பேச்சு மாறுச்சு, கொன்னுருவேன். உள்ள எப்படி இருக்கியளோ, அது உங்க பாடு."

"எங்களுக்கும் அக்கா தங்கச்சிதானாக்கா?" என்று கேட்டாள் நாகஜோதி.

"ஒனக்கு வாய் நீளம். சோத்தப் போடு."

ஜொஹரா சோற்றுக்கு உட்காரவில்லை. அறைக்குள் போனாள். எதிர்ச்சுவரோரம் கிடந்த தன் இரும்புக் கட்டிலுக்குத் தோள் கொடுத்து, ஷம்சியாவின் கட்டிலோடு இடித்து நிற்கும்வரை தள்ளினாள். அதன் கால்கள் தரையில் கிறீச்சிட்ட ஓசை கீழ்த்தளம் வரை கேட்டிருக்கும்.