குளித்துவிட்டுப் பார்த்த சூடு

எழுபதுகளின் கடைசியில் காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். பின்தேதி போட்டுக் கோப்பை ஒழுங்காக்குவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. அந்தத் திறமையை என் உடம்பிடமும் காட்டினேன்.

திருமணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. கருமுட்டை வருகிறதா என்று பார்க்க லேடி டாக்டர் ஒரு தெர்மாமீட்டரும் கட்டம் போட்ட தாளும் கொடுத்தார். கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழுவதற்கு முன், நாக்கின் அடியில் வைத்துக் குறிக்க வேண்டும். முட்டை வந்திருந்தால் மாதத்தின் பின்பாதியில் சூடு அரை டிகிரி ஏறி நிற்கும். தலத்தெருவில் எங்கள் வீட்டிலோ மூத்த மருமகள் விடியுமுன் குளித்து வாசல் தெளித்தாக வேண்டும். அதையெல்லாம் முடித்த பிறகே சூடு பார்த்தேன். தாளில் 'காலை ஐந்து, படுக்கையில்' என்று எழுதினேன். மூன்று மாதமும் கோடு தாறுமாறாகக் கிடந்தது.

"முட்டை வர்ற மாதிரியே தெரியலையேம்மா" என்றார் டாக்டர்.

கொழுந்தனைக் கட்டி நான்கே மாதமான என் ஓரகத்தி அதே வாரம் வாந்தி எடுத்தாள். அவளுக்கு வாடை ஆகவில்லை என்று மாமியார் காரைக்கால்மேட்டு மீன்காரியை வாசலோடு திருப்பி அனுப்பினார். அவள் வயிற்றுக்காக என் தட்டிலும் மீன் இல்லாமல் போனது. எட்டாவது தேறாதவள். கர்ப்பப்பையை நான் படம் வரைந்து பாகம் குறிப்பேன், பிள்ளை அவளுக்கு.

ஒரு விடியலில் ஈரத்தலையோடு நான் சூடு பார்த்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"ஏங்கக்கா, பச்சத்தண்ணில குளிச்சிட்டு வந்து பார்த்தா ஒடம்பு சூடு எப்படித் தெரியும்?"

நல்லவேளை, வாயில் தெர்மாமீட்டர் இருந்தது.

மறுநாளிலிருந்து வாசல் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். மாமியார் பொரிந்தார்: "வயித்துப் புள்ளக்காரி குனிஞ்சு கோலம் போடுறா, மகாராணி இன்னும் எந்திரிக்கல!"

"குனிஞ்சு நிமிந்தா சுகப்பிரசவம் அத்தை. ஒங்க பேரன்தான் போடச் சொல்றான்" என்று சிரித்தாள் அவள். வாயில் தெர்மாமீட்டரோடு படுத்தபடி அந்தச் சிரிப்பைக் கேட்டேன். பற்றிக்கொண்டு வந்தது.

அந்த மாதம் கோடு ஏறியது, ஏறி நின்றது.

"நல்லா வருதே! முன்னாடியெல்லாம் எப்படிப் பார்த்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "போதும், இனிமே சூடு பார்க்க வேணாம். வீட்டுக்காரரை டெஸ்டுக்கு வரச் சொல்லுங்க."

எல்லா நடைமுறையும் தெரிந்த எனக்கு ஆறு வருடமாக இது தோன்றவில்லை. அன்று மாலை கணவரிடம் சொன்னேன். "எனக்கென்ன கேடு?" என்று செய்தித்தாளைப் புரட்டினார். அவர் சம்மதிக்க இன்னும் இரண்டு வருடம் ஆனது.

டாக்டரைப் பார்த்து வந்த அன்றே, "டாக்டரம்மா என்னக்கா சொன்னாங்க?" என்று ஓரகத்தி ஆவலாகக் கேட்டாள்.

"இன்னும் கொஞ்ச நாள் படுக்கையிலேயே சூடு பார்க்கணுமாம்."

அவள் ஏழாம் மாதத்தில் தாய்வீடு போகும்வரை வாசல் அவளுடையதாகவே இருந்தது. வாளியை அவள் மூச்சு வாங்க இறக்கி வைக்கும் சத்தம் தினமும் கேட்கும். நான் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன்.