அடியில் மட்டும் எழுதிய தாள்கள்

இந்தத் தாளின் மேல்பாதியில் என்ன எழுதுவது?

பிரெஸ்லா நகரில், நாஜிகள் நான்கு யூதக் குடும்பங்களை ஒன்றாகத் திணித்து வைத்திருக்கும் வீட்டின் சமையலறையில், குளிருக்குப் போட்ட கையுறையைக் கழற்றாமலே ஹென்னி யோசிக்கிறாள். தாளின் அடியில் அவள் கணவர் ஸீக்பெர்ட்டின் கோணல் எழுத்து. மேலே காலி.

அவர் சோம்பேறி என்பாள் ஹென்னி. நிலக்கரி சுமக்கும் கட்டாய வேலைக்குப் போய் வந்தால் அவருக்குப் பேனா பிடிக்கக் கை வராது. அதனால் ஒரு ஞாயிறன்று, வெற்றுத் தாள்களின் அடியில் மகளுக்குத் தன் பங்கை மொத்தமாக எழுதி வைத்துவிட்டார். "நீ பக்கம் பக்கமா அளந்து முடிக்கறதுக்குள்ள எனக்குத் தூக்கம் வந்துரும். மேல நீ ரொப்பிக்கோ."

மகள் லோரே சுவீடனில் ஒரு பண்ணையில் வேலை செய்கிறாள். பதினேழு வயது. 'அப்பா கையெழுத்து இல்லாம ஒரு கடுதாசி வந்தாலும் அடுத்த கப்பல்ல கிளம்பி வந்துருவேன்' என்று எழுதியிருக்கிறாள். செய்யக்கூடிய பெண்தான்.

போன டிசம்பரில், வேலை முடிந்து நேரம் கழித்துத் திரும்பிய ஸீக்பெர்ட்டை, எட்டு மணிக்கு மேல் யூதனுக்குத் தெருவில் என்ன வேலை என்று பிடித்துக்கொண்டு போனார்கள். பிப்ரவரியில் வதைமுகாமிலிருந்து அவருடைய சாம்பல் தபாலில் வந்தது.

அதன்பிறகும் அவர் மகளுக்கு எழுதிக்கொண்டுதான் இருந்தார். ஒரு தாளின் அடியில், 'நம்பாதே, சூப்புல உப்பே இல்ல' என்றிருந்தது. ஹென்னி மேலே, இல்லாத இறைச்சியைப் போட்டு அருமையாக சூப் வைத்ததாக எழுதினாள். இன்னொன்றில், 'நான் ஒண்ணும் குறட்டை விடறதில்ல.' அதற்காக அவர் குறட்டையைப் பற்றி அரைப்பக்கம் புகார். எழுதும்போது நிஜமாகவே கோபம் வந்தது.

பக்கத்து அறை பவுலாவுக்குப் பொறுக்கவில்லை. "செத்தவருக்கு எத்தனை நாள்டி எதிர்ப்பாட்டு பாடுவ? பொண்ணுகிட்ட உண்மையச் சொல்லு."

"சொன்னா ஓடி வருவா. உன் முந்தானையில முடிஞ்சு வச்சுக் காப்பாத்துவியா?"



இது கடைசித் தாள். இதற்குமேல் அவர் கையெழுத்து கிடையாது. அடியில் இப்படி இருக்கிறது: 'உங்கம்மா எனக்கு இடமே விடல. நீ இருக்கற இடத்துலயே இரு, கழுதை.'

ஹென்னி அதைப் பவுலாவிடம் நீட்டினாள். "இப்ப சொல்லிடறேன். வரமாட்டா. அவங்கப்பா சொல்லிட்டாரே."

'லோரே, அப்பா இறந்துவிட்டார்' என்று மேல் ஓரத்தில் தொடங்கினாள். பிறகு நிறுத்தவில்லை. கையுறையைக் கழற்றி எறிந்தாள். எழுத்தைப் பொடியாக்கி, வரியோடு வரியை நெருக்கி, பக்கவாட்டு ஓரங்களையும் அடைத்து, கடைசி வரி ஸீக்பெர்ட்டின் எழுத்துகளின் தலையில் முட்டும்வரை எழுதிக்கொண்டே போனாள்.