ரயிலில் வரச் சொன்ன தந்தி

தேனியிலிருந்து கூடலூருக்கு ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். எண்பதுகளின் நடுவில் பஸ் கட்டணம் நாலு ரூபாய் எண்பது காசு. வலப்பக்கம் கேரளத்து மலை, இடப்பக்கம் மேகமலை, நடுவில் வயலும் தென்னையும் திராட்சைப் பந்தலும். சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு அதைவிட நல்ல சாலை இந்தப் பக்கத்தில் கிடையாது. அந்த ஐப்பசியில் ஒரே வாரத்தில் போகவும் வரவுமாக அதில் நாலு தடவை பஸ் ஏறினேன். அதற்கப்புறம் எனக்கு அந்தச் சாலையைக் கண்டாலே ஆகாது.

செவ்வாய்க்கிழமை, காலை ஆறே முக்கால். மாமனாருக்கு மகோதரம், வயிறும் காலும் வீங்கி, கம்பத்து டாக்டர் மூன்று நாள் கணக்குச் சொல்லிவிட்டார். என் மனைவி சரோஜா முன்னாடியே போய்விட்டாள். கடைச் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு நானும் கிளம்பினேன். மாமனாருக்கு ஒரே மகன் முருகேசன், பம்பாயில் மோட்டார் கம்பெனியில் வேலை. அப்பாவுக்கு முடியவில்லை என்று வீட்டிலிருந்து கொடுத்த தந்திக்குத் திங்கட்கிழமை சாயங்காலமே அவனிடமிருந்து பதில் தந்தி வந்துவிட்டதாம். முதலாளி விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கிறார். புதன் காலை திருவனந்தபுரத்தில் இறங்கி, அங்கிருந்து டாக்சியில் கோட்டயம், குமுளி வழியாக அன்றைக்கே விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டில் இருப்பான். குமுளிக்கும் கூடலூருக்கும் மலை இறங்குகிற தூரம்தானே.

பஸ் ஸ்டாண்டில் ஒரு பேப்பர் வாங்கினேன். அன்றைக்கு மட்டும் நான் பேப்பர் வாங்காமல் இருந்திருக்கலாம். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தான். எங்கேயோ ஒரு விமான நிலையத்தில், ஏற்றுவதற்கு வைத்திருந்த பெட்டிக்குள் வெடிகுண்டு இருந்திருக்கிறது. விமானம் கிளம்புமுன் கண்டுபிடித்து, ஆட்களையும் பிடித்துவிட்டார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

வீரபாண்டி தாண்டுவதற்குள் பேப்பர் என் கையைவிட்டுப் போய், பஸ் முழுக்கச் சுற்றிவிட்டது. முன்சீட்டு வாத்தியார் ஒருவர் சத்தம்போட்டு வாசித்தார். "ஆத்தாடி! அம்புட்டு ஒசரத்துல வெடிச்சா எலும்புகூடக் கெடைக்காதே" என்று கன்னத்தில் கை வைத்தாள் திராட்சைக் கூடைக்காரம்மா. "அதான் புடிச்சுட்டாகளேம்மா" என்றார் வாத்தியார். "ஒண்ணப் புடிச்சாக. புடிக்காதது எத்தனை இருக்கோ!" என்றாள் அவள். கண்டக்டர் ஒரு குசும்புக்காரர். "நம்ம வண்டிக்குக் குண்டு எதுக்கும்மா? டிரைவர் அண்ணன் பிரேக்கு ஒண்ணே போதும்" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று ஏறினவர்கள் எல்லாருக்கும் இதே பேச்சுத்தான். வானத்தில் பறக்கிற சாமானையே பார்த்திராத ஊர்கள்; ஆளாளுக்கு நேரில் பார்த்த மாதிரி பேசினார்கள்.

எட்டே முக்காலுக்குக் கூடலூர். பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினேன். வீட்டில் யாருக்கும் சங்கதி தெரியாது. மாமா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு தெளிச்சி. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "எம் மகன் ஏரோப்பிளான்ல வாரான், நாளைக்கு வந்துருவான்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கினாலும் அந்தப் பேச்சை விடவில்லை.

என் வாய் சும்மா இருந்ததா? அடுப்படிக்குப் போய் அத்தையிடம் சொன்னேன். "பயப்படாதீக அத்தே, புடிச்சுட்டாக" என்று சேர்த்துத்தான் சொன்னேன். அத்தை கையிலிருந்த செம்பு கீழே விழுந்தது. "எழுதிப் போடுங்க மருமகனே, அதுல ஏற வேணாம்னு. இவுக போறதை என்னால நிறுத்த முடியாது. அவனையும் சேத்துக் குடுக்க மாட்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சரோஜாதான், "அம்மா, அப்பா உசுரக் கையில புடிச்சுக்கிட்டு இருக்கறதே அவனுக்காகத்தான்" என்று சொல்லிப் பார்த்தாள். அத்தை கேட்கவில்லை. எனக்கும் உள்ளுக்குள் பயம். பிடிக்காதது எத்தனை இருக்கோ என்று அந்தக் கூடைக்காரம்மா சொன்னது காதிலேயே நின்றது.

வாசல்வரை வந்து அத்தை இன்னொன்றும் சொன்னார்: "அவுக முடியாம கெடக்காகன்னு மறுபடியும் எழுதிராதீக. ஒரு தடவை எழுதினது போதும். கெட்டதைத் திருப்பித் திருப்பிச் சொன்னா அது வந்து நிக்கும்." எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு எண்ணம் உண்டு. நான் அதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டேன்.

பத்தரை மணிக்குத் தபாலாபீஸ். 'விமானம் வேண்டாம். ரயிலில் வரவும்.' அவ்வளவுதான் எழுதினேன். உள்ளேயிருந்தவர் படித்துவிட்டு, "பெரியவர் நெலமையைப் பத்தி ஒரு வார்த்தை சேக்கலையா சார்?" என்றார். "அதெல்லாம் முன்னாடியே சொல்லியாச்சு" என்றேன். அந்த மனுஷர் மறுபடியும் ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தார். நான் ரசீதுக்குக் கையை நீட்டினேன்.

புதன்கிழமை. மாமாவிடம் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. ரயில் என்றால் இரண்டு நாள் கூடுதலாகும், அதைச் சொல்லி அவரை எதற்கு வருத்துவது என்று நினைத்தோம். என்ன புத்தியோ! மத்தியானத்திலிருந்தே அவர் காது வாசலில். குமுளியிலிருந்து இறங்குகிற ஜீப் ஒவ்வொன்றும் ஹாரன் அடித்துக்கொண்டுதான் ஊருக்குள் வரும். ஒவ்வொரு ஹாரனுக்கும் தலையைத் திருப்புவார். பார்க்க வந்த பங்காளிகள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு குண்டைப் பற்றிப் பேசினார்கள். இரண்டு தடவை சாடையாகச் சொன்னேன். மூன்றாவது தடவை அதட்டினேன். அப்போதும் நிறுத்தவில்லை.

விளக்கு வைத்தாயிற்று. ஏழும் அடித்துவிட்டது. மாமா என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"மாப்ளே, அந்தக் குண்டு எம் மகன் வந்த பிளான்லதானே?"

"ஐயையோ, இல்ல மாமா! அவன் பிளான்லயே ஏறல. ரயில்ல வாரான். நான்தான் வரச் சொன்னேன்."

"ரயில்ல வாரவன், பிளான்ல வாரேன்னு எதுக்குத் தந்தி குடுத்தான்?"

அத்தை ஓடி வந்து சாமி மேல் சத்தியம் பண்ணினார். சரோஜா அழுதாள். அவள் அழுததே அவருக்குச் சாட்சியாகிவிட்டது. "எங்கிட்ட மறைக்காதீக. நான் போற ஆளு, எங்கிட்ட என்ன மறைப்பு?" என்றார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே எத்தனையோ ஜீப் போயிற்று. ஒரு ஹாரனுக்கும் அவர் திரும்பவில்லை.

வியாழக்கிழமை விடிகிற நேரத்தில் போய்விட்டார். மகன் போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டே போனார். பகல் பன்னிரண்டு மணிக்கு முருகேசனின் தந்தி வந்தது: வெள்ளி காலை மதுரையில் இறங்குகிறான். அந்தக் காகிதம் முந்தின நாள் வந்திருந்தால் அவர் கையில் வைத்துக் காட்டியிருப்பேன். "ஒரு நாள் பொறுங்கப்பா, பிள்ளை வந்துருவான்" என்று அத்தை ஒவ்வொருத்தர் காலிலும் விழாத குறையாகக் கெஞ்சினார். கம்பத்திலிருந்து ஐஸ் கொண்டுவந்தும் வீங்கின உடம்பு தாங்காது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். மாமாவின் அண்ணன் மகன்தான் கொள்ளி வைத்தான். சாயங்காலம் நான் தேனிக்கு இறங்கினேன்.

வெள்ளிக்கிழமை. விடியற்காலை முதல் பஸ் பிடித்து எழுபத்தாறு கிலோமீட்டர் மதுரை. ஏழரைக்கு மெட்ராஸ் வண்டி வந்தது. முருகேசன் சிரித்துக்கொண்டே இறங்கினான். சவரம் பண்ணி, சட்டை மாற்றியிருந்தான். ஒரு கையில் பெட்டி. மறு கையில் புதுக் கம்பளி.

"மச்சான், அப்பா எந்திரிச்சு நடக்குறாகளா? குளிருக்கு ஆகும்னு மெட்ராஸ்ல வாங்கினேன்."

பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன். அவனே பேசிக்கொண்டு போனான். "மொதத் தந்தியைப் பாத்ததும் கை காலு ஓடல மச்சான். ரெண்டாவது வந்தப்பறந்தான் நிம்மதியா மூச்சு விட்டேன். அப்பாவுக்குத் தேவலை, அதான் அவசரமில்லாம ரயில்ல வரச் சொல்றாகன்னு புரிஞ்சுக்கிட்டேன். ரெண்டு நாளும் நல்லாத் தூங்குனேன்."

நான் எழுதின நாலு வார்த்தை அவனைத் தூங்கவைத்திருக்கிறது. பாவி, இன்னும் ஒரு வார்த்தை எழுதியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்! பிளாட்பாரத்து பெஞ்சில் உட்காரவைத்துச் சொன்னேன். அவன் அழவில்லை. கம்பளியை மடித்தான், பிரித்தான், மறுபடியும் மடித்தான்.

பஸ் தேனி தாண்டி, சின்னமனூர் வயலுக்கு வந்தது. அப்புறம், "என்னைக் கேட்டாகளா மச்சான்?" என்றான்.

"கேட்டாக. கேட்டுக்கிட்டேதான் இருந்தாக."

"நான் வந்துக்கிட்டிருக்கேன்னு அவுகளுக்குத் தெரியும்ல?"

"தெரியும்டா" என்றேன். இன்றுவரை அவனிடம் வேறு எதுவும் நான் சொன்னதில்லை. அத்தையும் சரோஜாவும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பகல் இரண்டு மணி. தேனிக்குத் திரும்பினேன். அதே வண்டி, அதே கண்டக்டர். வேறு கண்டக்டராக இருந்தால் என் முகம் மறந்திருக்கும்; இவர் அடையாளம் கண்டுகொண்டார்.

"சார், அன்னிக்குப் பேப்பர் வச்சிருந்தீகளே, அந்தக் குண்டு கேஸ் என்ன ஆச்சு?"

"வெடிக்கலை" என்றேன்.

"நல்ல வேளை சார். ஒரு உசுருக்கும் சேதமில்ல" என்று சொல்லிக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். நான் அதை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.