ஜீப் வரும் நாள்

பெரார்கஞ்சில் எங்கள் வீட்டுக்கு ஜீப் வரும் நாளெல்லாம் நான் என் துணிகளை மூட்டை கட்டிவிடுவேன். யாரும் சொல்லித் தந்ததில்லை. மேடு ஏறும்போது அது உறுமுவது பாக்குத் தோப்புக்கு அப்பாலிருந்தே கேட்கும். மரப்பாலத்தைக் கடந்து அது வாசலுக்கு வருவதற்குள், இரண்டு கவுனையும் ஒரு பாவாடையையும் துண்டில் வைத்து முடிந்து, தண்ணீர் தொட்டுத் தலையைப் படிய வாரி, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பேன். அழமாட்டேன். அழாமல் கிளம்புகிற பிள்ளைதான் நல்ல பிள்ளை என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

எனக்கு அப்போது ஆறு வயது இருக்கலாம். சரியாகச் சொல்ல ஆள் இல்லை. என்னைப் பெற்றவர்கள் ரங்கத் ஊருக்கு வடக்கே தீவுக் காட்டில் மரம் வெட்ட வந்த கூலிக்காரர்கள். ஒரே மழைக்காலத்தில் இருவரையும் காய்ச்சல் கொண்டுபோயிற்று. போர்ட் பிளேரில் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் என்னைச் சேர்த்தார்கள். அங்கே வங்காளிப் பிள்ளையும் தெலுங்குப் பிள்ளையும் ராஞ்சிப் பிள்ளையும் சண்டை போடுவதற்குக்கூட இந்திதான் வேண்டியிருந்தது. என் தமிழ் பாதி அங்கேயே கரைந்துபோனது. எதைக் கேட்டாலும் "ஜி" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அந்த ஒரு சொல் யாரையும் கோபப்படுத்தியதில்லை.

இல்லத்திலிருந்து முதலில் என்னைச் சௌல்தாரியில் ஒரு வீட்டுக்குக் கொடுத்தார்கள். பிள்ளை இல்லாத வீடு. எனக்கு ரிப்பன் வாங்கித் தந்தார்கள். கொஞ்ச நாள் கழித்து அந்த வீட்டு அம்மாள் எதைச் சாப்பிட்டாலும் வாந்தி எடுத்தாள். பிறகு அவள் வயிறு பெரிதாயிற்று. ஒரு காலையில் ஜீப் வந்தது, உன் துணியெல்லாம் எடுத்துக்கொள் என்றார்கள். எடுத்துக்கொண்டேன். இல்லத்து ஆயா என் கன்னத்தை வருடி, இது ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை பாருங்கள் என்று எல்லோரிடமும் காட்டினாள். அந்த அம்மாளின் வயிறு பெரிதானதற்கும் நான் திரும்பி வந்ததற்கும் என்ன தொடர்பு என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் தடவை சோறு கேட்டதுதான் காரணம் என்று முடிவு செய்திருந்தேன்.

அப்படியிருக்கும்போதுதான் பெரார்கஞ்சிலிருந்து இருவர் வந்து என்னைப் பார்த்தார்கள். கணவர் பொதுப்பணித் துறையில் சாலை மேஸ்திரி. இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அவருடைய மனைவி நெடுநேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் காலில் இருந்த கொப்புளத்தைக் காட்டி, இதற்கு மருந்து போட்டீர்களா என்று ஆயாவிடம் கேட்டார். இன்று அவர்களை அம்மா, அப்பா என்று எழுதுவது எனக்கு எளிதாக வருகிறது. அப்போது வரவில்லை. அவர்களைக் கூப்பிட வேண்டிய நேரத்தில் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன், அவ்வளவுதான்.

கோர்ட்டு உத்தரவு வரும்வரை நான் அவர்கள் வீட்டில் வைக்கப்பட்ட பிள்ளை. தத்துக் கொடுக்கலாமா வேண்டாமா என்று பார்த்துச் சொல்ல, சமூகநலத் துறையிலிருந்து ஓர் அம்மாள் அவ்வப்போது ஜீப்பில் வருவார். மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்த தமிழ்க்காரர்தான். ஆனாலும் ஊரே அவரை மேம்சாப் என்றது. கண்ணாடி போட்டிருப்பார். வரப்பில் நடந்து வரும்போது காலில் ஏறிய அட்டையை முகம் சுளிக்காமல் உப்புப் போட்டு உதறுவார். சௌல்தாரியிலிருந்து என்னைத் திருப்பிக் கூட்டிப்போனவரும் அவர்தான். ஆகவே அவர் எதற்கு வருகிறார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்தேன்.

முதல் தடவை படியில் என்னைக் கண்டதும் எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்டார். நான் "ஜி" என்றேன். அம்மாவின் முகம் சுருங்கிப்போயிற்று. அடுத்த தடவை ஜீப் சத்தம் கேட்டதும், அம்மா முந்திக்கொண்டு என் துணிகளை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். நான் தேடி எடுத்து மூட்டை கட்டிவிட்டேன். பிள்ளைக்கு நம்மைப் பிடிக்கவில்லை, இவ்வளவு செய்தும் ஒட்டமாட்டேன் என்கிறது என்று அன்று சாயங்காலம் அம்மா அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது அடுப்படியிலிருந்து கேட்டது. அப்பா வெகுநேரம் மண்வெட்டிக் காம்பைச் செதுக்கினார்.

உண்மையில் அந்த வீட்டில் அப்போது மூன்று விருந்தாளிகள் இருந்தோம். புதுத் தட்டில் எனக்குத்தான் முதல் சோறு. போதும் என்பேன். இன்னும் கொஞ்சம் என்று அம்மா கெஞ்சுவார். பக்கத்து வங்காளி வீட்டில் என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளை அவள் தாய் கூப்பிடும் சத்தம் வயல் தாண்டிக் கேட்கும். திட்டு, அடி, பிறகு சிரிப்பு. எங்கள் வீட்டில் சத்தமே கிடையாது. நான் தண்ணீர்க் குடத்தைத் தொட்டால் ஓடிவந்து வாங்கிக்கொள்வார்கள். ஒருநாள் நான் பாயை நனைத்துவிட்டேன். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனத்தில் நான் அன்று முழுவதும் ஜீப்பை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

இல்லத்துக்காரர்கள் வழக்கைச் சீக்கிரம் முடிக்கச் சொன்னார்கள். மேம்சாப்தான் இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு அது அவமானமாக இருந்தது. ஒரு தடவை, என் மூட்டையோடு நான் படியில் உட்கார்ந்திருக்க, உள்ளே பேச்சு நடந்தது.

"எங்ககிட்ட என்ன கொறை கண்டீக மேம்சாப்? சொன்னாத்தான தெரியும்" என்றார் அப்பா.

மேம்சாப் அம்மாவைப் பார்த்து, "இவள நீங்க திட்டவே மாட்டீங்களா?" என்று கேட்டார்.

"தாய் தகப்பன் இல்லாத புள்ளைய எப்படித் திட்டுறது? நாளைக்கு நீங்க வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்றது?"

"அப்போ எனக்குப் பயந்துதான் இவ்வளவு செல்லமா?"

மேம்சாப் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, அவளுக்கு ஏதாவது வேலை கொடுங்கள், தப்புச் செய்தால் கோபப்படுங்கள், கோபம் வந்த பிறகும் வீட்டில்தான் இருக்கிறோம் என்று அந்தக் குழந்தை இதுவரை கண்டதில்லை என்றார். இதெல்லாம் எனக்கு அம்மா பின்னாளில் சொன்னது. அன்று என் காதில் விழுந்ததில் 'கோபம்' என்ற சொல் மட்டும்தான் எனக்குப் புரிந்தது. அந்தத் தடவையும் ஜீப் என்னை விட்டுவிட்டுப் போனதில் ஆச்சரியப்பட்டேன்.

சொன்னவுடனே கோபப்பட யாரால் முடியும்? அம்மா முயன்று பார்த்தார். என்னைக் கோழிக்குத் தீனி போடச் சொல்வார். நான் போட்டு முடிப்பதற்குள் அவரே வந்து மீதியைப் போட்டுவிடுவார். குரலை உயர்த்த வாய் திறப்பார், பிறகு மூடிக்கொள்வார்.

அறுப்பு முடிந்த சமயம். எங்களுக்கும் ஒரு துண்டு வயல் இருந்தது. அவித்த நெல்லை அப்பா வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த பழைய தார்ப்பாயில் பரப்பி முற்றத்தில் காயப்போட்டிருந்தார்கள். வானம் கறுத்தால் பக்கத்து வங்காளி வீட்டு மாஷியைக் கூப்பிடு என்று என்னிடம் சொல்லிவிட்டு அம்மா ரேஷன் கடைக்குப் போனார். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். அந்த வங்காளிப் பெண் ஓடையில் இறால் பிடிக்கக் கூப்பிட்டாள். போனேன். அந்தத் தீவில் மழைக்கு முன்னறிவிப்பு கிடையாது. நாங்கள் கையால் துழாவிக்கொண்டிருந்தபோதே ஓடை முழுவதும் குமிழி குமிழியாகத் துளிகள் விழுந்தன. நான் வீட்டுக்கு ஓடி வந்தபோது அம்மாவும் தெருவிலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தார். தார்ப்பாயில் நெல் தண்ணீரில் மிதந்தது.

அம்மா என் முதுகில் ஓர் அறை வைத்தார். மழைச் சத்தத்தையும் மீறிக் கத்தினார். கண் எங்கே போயிற்று, ஒரு வேலை சொன்னால் செய்யத் தெரியாதா, மூன்று மாதச் சோறு போயிற்றே என்று அவர் ஊர்த் தமிழில் கொட்டித் தீர்த்தார். நான் எதிர்த்துப் பேசவில்லை. உள்ளே போய் நனைந்த கவுனோடு என் மூட்டையைக் கட்டினேன். வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன்.

தார்ப்பாயோடு போராடிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க கெளம்பிட்ட?"

"ஜீப் ஆயேகா" என்றேன்.

அவர் ஒரு கணம் மழையில் அப்படியே நின்றார். முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்கவில்லை. பிறகு முன்பைவிடப் பெரிய குரலில், "ஜீப்பும் வராது ஒண்ணும் வராது. நெல்ல நனையவிட்டுட்டு நீ பாட்டுக்குப் போயிருவியா? யாரு அள்ளுறது? எந்திரிச்சு வந்து அந்த முனையப் பிடி புள்ள" என்றார்.

பிடித்தேன். இருவரும் இழுத்தோம். கனம் தாங்காமல் நான் சேற்றில் விழுந்தேன். எழுந்திரு, எழுந்திரு என்று அதற்கும் திட்டு விழுந்தது. நெல்லைக் கொட்டகைக்குள் சேர்த்து, விளக்கு வைக்கும் வரை முறத்தால் அள்ளி அள்ளித் தரையில் பரப்பினோம். அம்மா ஓயாமல் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அப்பா வந்ததும் அவரிடமும் என்மேல் புகார் சொன்னார். அப்பா சிரித்தார். அன்று சோறு போடும்போது யாரும் கெஞ்சவில்லை. எனக்குப் பசித்தது. தட்டை நீட்டி இரண்டாம் தடவை கேட்டேன். அம்மா போட்டுக்கொண்டே, தின்னத் தெரியுது, நெல்லப் பாத்துக்கத் தெரியல என்றார். தின்றேன். வாசலில் கிடந்த மூட்டையை மறுநாள் அவர்தான் அவிழ்த்துத் துவைத்துக் கொடியில் போட்டார்.

அதற்குப் பிறகு ஜீப் வந்தபோது முதன்முதலாக எனக்கு ஒளிந்துகொள்ளத் தோன்றியது. துணி எடுக்கக் கை போகவில்லை. விறகு அடுக்குக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டேன். மேம்சாப் படியைப் பார்த்து, எங்கே ஆளைக் காணோம் என்று கேட்டது என் காதில் விழுந்தது. அம்மா தேடவில்லை. தேநீர்க் குவளையை அவர் கையில் கொடுத்துவிட்டு நின்றார்.

"ஒண்ணு சொல்லிப்புடுறேன் மேம்சாப். புள்ளைய அடிச்சுட்டேன். நீங்க என்ன எழுதணுமோ எழுதிக்கங்க."

மேம்சாப் பேசவில்லை. அந்த நிசப்தம் எனக்குத் தெரிந்த நிசப்தம். சௌல்தாரியில் என் துணியை எடுக்கச் சொல்வதற்கு முன் பெரியவர்கள் அப்படித்தான் நின்றார்கள். அன்று எனக்குள் என்ன நடந்தது என்று இன்றும் என்னால் கோவையாகச் சொல்ல முடியாது. விறகு சரிய எழுந்து ஓடினேன். இரண்டு கையாலும் மேம்சாப்பைத் தள்ளினேன். தேநீர் அவர் புடவையில் கொட்டியது.

"எங்கம்மாவ ஒண்ணும் சொல்லாத. நாந்தான் நெல்ல நனைய விட்டேன். நீ போ. ஜீப்ப எடுத்துட்டுப் போ. ஜாவ்!"

அம்மா என்னைப் பிடித்து இழுத்தார். எல்லாம் முடிந்துவிட்டது என்று அவர் நினைத்தது அவர் பிடித்த பிடியிலேயே தெரிந்தது. என் உடம்பு முழுவதும் அழுதது. எனக்கு நினைவு தெரிந்து நான் அப்படி அழுததே இல்லை. மேம்சாப் புடவையை உதறிக்கொண்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். பிறகு, அடிப்பது வேண்டாம், திட்டினால் போதும் என்று அம்மாவிடம் சொன்னார்.

"கோர்ட்டுக்கு நான் எழுதிடறேன். அழைப்பு வந்ததும் ரெண்டு பேரும் இவளக் கூட்டிட்டு வாங்க."

அம்மாவுக்கு விளங்கவில்லை. "எப்ப மேம்சாப் கூட்டிட்டுப் போறீக?" என்றுதான் கேட்டார். இவளை உங்களுக்கே கொடுக்கச் சொல்லித்தான் எழுதப் போகிறேன் என்று மேம்சாப் அவருக்கு இரண்டு தரம் விளக்க வேண்டியிருந்தது.

போர்ட் பிளேர் கோர்ட்டில் நீதிபதி இந்தியில் என்னிடம் இவர்கள் யார் என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன். அப்பா அதை மொழிபெயர்க்க வாயெடுத்து, முடியாமல் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பின்னால் உட்கார்ந்திருந்த மேம்சாப்தான் எழுந்து இந்தியில் சொன்னார்.

பல வருடம் கழித்து அம்மா சொன்னார். சௌல்தாரி வீட்டை மேம்சாப் ஒரே ஒரு முறை பார்த்துவிட்டுச் சரி என்று எழுதிக் கொடுத்தாராம். அங்கிருந்து என்னைத் திருப்பிக் கூட்டிப்போன வழியெல்லாம், பக்கத்தில் அழாமல் உட்கார்ந்திருந்த என்னை அவரால் பார்க்கவே முடியவில்லையாம். அதனால்தான் எங்கள் வீட்டுக்கு அத்தனை தடவை வந்தார், இல்லத்துக்காரர்கள் அவசரப்படுத்தியும் அத்தனை நாள் தள்ளிப்போட்டார்.

அன்று கோர்ட்டு வாசலில் பெரார்கஞ்ச் பஸ்ஸில் ஏறினோம். மேம்சாப் வெயிலில் தனியாக நின்று எங்களைப் பார்த்துக் கையசைத்தார். அம்மா கும்பிட்டார், அப்பாவும் கும்பிட்டார். அம்மாவின் மடியில் உட்கார்ந்திருந்த நான், இனி இவரால் என்னை ஒன்றும் செய்ய முடியாது என்ற தைரியத்தில், ஜன்னல் கம்பிகளுக்கிடையே முகத்தை நீட்டி அவரைப் பார்த்து நாக்கைத் துருத்தினேன். அம்மா என் தொடையில் கிள்ளினார். மேம்சாப் சிரித்தார். பஸ் திரும்பும் வரை, கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தபடியே நின்றார். இவ்வளவு மோசமான பிள்ளையைப் பார்த்து ஒருவர் எதற்காக அப்படிச் சிரிக்க வேண்டும் என்று, வீடு வந்து சேரும்வரை யோசித்தும் எனக்குத் தெரியவில்லை.