வயசுக்கு வந்த படம்

இன்று காலை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில், யாரோ இறக்கி வைத்த மூட்டையிலிருந்து அழுகிய சின்ன வெங்காயத்தின் வாடை அடித்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். நான் நின்றேன். பூர்வீகச் சொத்து என்று எனக்கு மிஞ்சியது அந்த வாடைதான்.

செட்டிகுளத்தில் வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைப்பார்கள். படலும் கீற்றும் வைத்துக் கட்டிய நீளக் கூண்டு, அவ்வளவுதான். விலை ஏறட்டும் என்று அப்பா ஐந்து பட்டறை போட்டார், ஊரார் வெங்காயத்தையும் கடனுக்கு வாங்கி. விலைக்கு முன்னால் மழை வந்தது. ஐந்தும் அழுகின. நிலம் கைமாறியது. அரியலூரில் வாடகை வீட்டுக்குப் போனோம்.

அந்த வாரம் பார்த்து நான் வயசுக்கு வந்தேன். நேரங்காலம் தெரியாத ஜென்மம். "யாருகிட்டயும் வாயத் தொறக்காத. நல்ல நாள் வரட்டும், தண்ணி ஊத்திக்கலாம்" என்றாள் அம்மா. வரவில்லை. ஊர் வழக்கப்படி நாற்பது வயதிலும் நான் சின்னப் பெண்தான்.

இதையெல்லாம் போன வருடம் படமாக எடுத்தேன். நொடித்துப்போன குடும்பத்தால் வேறென்ன பயன், சொல்லுங்கள். தயாரிப்பாளர் அதைக் 'கமிங் ஆஃப் ஏஜ்' படம் என்றார். அப்படியென்றால் என்ன என்று அம்மா கேட்டாள். வயசுக்கு வருவது என்று அப்படியே தமிழில் சொல்லித் தொலைத்தேன்.

"அதத்தான் ஒனக்குச் செய்யவே இல்லயேடி" என்றாள்.

கதையில் இல்லாத சடங்கை அவளுக்காக எழுதிச் சேர்த்தேன். எனக்குச் சடங்கில் நம்பிக்கை கிடையாது. அம்மாவிடம் பயம் உண்டு.

படப்பிடிப்புக்கு அம்மா அப்பா இருவரும் வந்தார்கள். செட்டில் போட்டிருந்த பட்டறையை அப்பா ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "கீத்த இன்னும் எறக்கிக் கட்டுங்க தம்பி, மழ உள்ள பூந்துரும்" என்றார். "பூந்தாதான் சார் கதையே" என்றார் கலை இயக்குநர். அப்பா வேனில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அம்மா பட்டுப்புடவை கட்டி, சீர்த்தட்டெல்லாம் தானே வாங்கி வந்திருந்தாள். என் வேடத்தில் நடித்த பெண்ணுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தவள், நான் "கட்" சொன்ன பிறகும் நிறுத்தவில்லை. குடம் காலியானதும் அந்தப் பெண்ணின் முகத்தைத் துடைத்துவிட்டு, என்னைப் பார்த்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.

எடிட்டிங்கில் அந்தக் காட்சியை நானே வெட்டினேன். எங்கள் வீட்டில் நடக்காதது அது ஒன்றுதான். அது இருந்தால் மற்றதெல்லாம் பொய்யாகத் தெரிந்தது.

படம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் அம்மா, "படத்துல வேணாம்னா போவுது. நான் தண்ணி ஊத்துனத மட்டும் செல்லுல ஏத்திக் குடு" என்றாள்.

தயாரிப்பாளர் ஆபீசில் கேட்டேன். வெட்டிய காட்சிகளை அழித்து, டிஸ்கை வேறு படத்துக்குக் கொடுத்து ஒரு மாதமாகிறதாம். அம்மா தினமும் செல்லை நீட்டுகிறாள். "நாளைக்கு" என்கிறேன்.